டோக்கனை யாரிடம் கொடுப்பது

எங்கள் வீட்டில் சாவைப் பற்றிப் பேசக் கூடாத நேரங்கள் என்று அம்மா ஒரு தனிச் சட்டமே வைத்திருக்கிறாள். விளக்கு வைத்த பிறகு கூடாது. சாப்பாட்டுத் தட்டு முன்னால் கூடாது. செவ்வாய், வெள்ளி கூடவே கூடாது. யாராவது ஊருக்குக் கிளம்பும்போது கூடாது, வந்து செருப்பைக் கழற்றும்போதும் கூடாது. நான் திருப்பதியில் வேலை பார்த்துக்கொண்டு வாரக் கடைசியில் மட்டும் சித்தூர் வருகிறவள். எனக்குத் தெரிந்து, சனிக்கிழமை குளித்து முடித்ததற்கும் இட்லி வேகுவதற்கும் நடுவில் ஒரு சின்ன சந்து கிடைக்கும். அதற்குள் பேசி முடித்தால் உண்டு.

அதனால்தான் நைனா, என் அப்பா, அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கவில்லை. மாம்பழக்கூழ் ஃபேக்டரி வாசலில் எடுத்தார்.

நைனா டிராக்டர் வைத்திருக்கிறார். சீசன் வந்தால் தோட்டங்களிலிருந்து பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாங்காயை ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. சேர்ப்பது என்றால் போனோம், கொட்டினோம், வந்தோம் இல்லை. சாலையோரம் டிராக்டர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை கட்டி நிற்கும். வாசலில் ஒரு டோக்கன் கொடுப்பார்கள். சில சமயம் ராத்திரி முழுக்க, அடுத்த நாளும் நிற்க வேண்டியிருக்கும். மனுஷன் குளிக்க வேண்டும், தூங்க வேண்டும். அப்போது டோக்கனை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அங்கேதான் விஷயம். கொடுக்கும் ஆள் சரியில்லையென்றால் திரும்பி வரும்போது உங்களுக்கு முன்னால் புதிதாக நாலு டிராக்டர் நிற்கும்.

அன்றைக்கு நான் கேரியரில் சோறு எடுத்துக்கொண்டு போனபோது, எங்கள் டிராக்டர் சீட்டில் மாமா உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தம்பி. மினி வேன் ஓட்டுகிறவர். டோக்கன் சட்டைப் பாக்கெட்டில், சண்டை வாயில்.

"பழம் அழுவுதுன்னா நான் இன்னாப்பா பண்றது? எம் பழம் மட்டும் சிரிக்குதா? பின்னாடி போ."

முன்னால் நுழையப் பார்த்த டிராக்டர்காரர் தெலுங்கில் கெஞ்சினார். மாமா தெலுங்கில் மறுத்தார். அந்த ஆள் தமிழுக்கு மாறிக் கெஞ்சினார். மாமா தமிழுக்கு மாறி மறுத்தார். எந்த மொழியிலும் வழி கிடைக்காமல் அவர் பின்னால் போனார்.

நைனா எதிரிலிருந்த பம்புசெட்டில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தார். வந்ததும் முதல் வேலையாக மாமாவைத் திட்டினார். "ஒரு மணி நேரமா ஒக்காந்துகீற, வண்டி ஒரு அடி நகந்துகீதா? தண்டத்துக்குத் துன்றவனே, போய் டீ குடி." மாமா சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். அவர்கள் இரண்டு பேருக்கும் இதுதான் வணக்கம். நைனாவின் டிரில்லிங் மெஷினை மாமா வாங்கிப் போய்ப் புகை கிளப்பித் திருப்பிக் கொடுத்ததிலிருந்து இது இன்னும் செழிப்பாக நடக்கிறது.

டிராக்டர் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார் நைனா. பாதியில் கேட்டார்:

"உங்க கம்பெனில ஆஸ்பத்திரி பில்லுதானே பாக்கற. எனக்கு மூச்சு மிஷினு வேணாம்னு ஒரு ஆளு முன்னாடியே எழுதி வெக்க முடியுமா?"

சோறு முன்னால் சாவுப் பேச்சு. அம்மா பார்த்திருந்தால் கேரியரைப் பிடுங்கியிருப்பாள்.

என் வேலை மெடிக்கல் கோடிங். அமெரிக்காவில் யாருக்கோ நடந்த ஆபரேஷனை திருப்பதியில் ஏசியில் உட்கார்ந்து எண்களாக மாற்றும் வேலை. அங்கே நோயாளியின் ஃபைலில் இப்படி எழுதி வைத்திருக்கிறாரா இல்லையா என்று ஒரு கட்டம் இருக்கும். தினமும் பார்க்கிறேன். அதனால் ரொம்ப கெத்தாகச் சொன்னேன். "நம்ம ஊர்லயும் கீது நைனா. பதினெட்டு தாண்டி புத்தி தெளிவா இருந்தா போதும். ரெண்டு சாட்சி, நோட்டரி கையெழுத்து. உன்னால பேச முடியாம போனா உனக்காகப் பேச ஒரு ஆளு பேரு எழுதணும். அப்பால டாக்டருங்களும் பாத்து, இனி தேறாதுன்னு ஒத்துக்கினாதான் நடக்கும். சும்மா யாரும் ஒயரப் புடுங்கிட முடியாது."

"அப்ப எழுது," என்றார். கையை நக்கிக்கொண்டே சொன்னார், ஊறுகாய் வேண்டும் என்பது மாதிரி.

ஏன் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. தெரியும். போன மழைக்காலத்தில் சித்தப்பா, நைனாவின் தம்பி, திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் மூச்சு மெஷினோடு கிடந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. டாக்டர் வெளியே வந்து, இனி திரும்ப மாட்டார், என்ன செய்யலாம், குடும்பத்தில் முடிவு சொல்வது யார் என்று கேட்டார். வராண்டாவில் இருந்த அத்தனை பேரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தோம். சித்தி, மாமனாரைக் கேளுங்கள் என்றாள். அவர், பெரிய மகனைக் கேளுங்கள் என்று நைனாவைக் காட்டினார். நைனா, பொண்டாட்டி அவள், அவளைக் கேளுங்கள் என்றார். அப்படியே சுற்றிச் சுற்றி வந்தது. டாக்டர் தினமும் கேட்டார். நாங்கள் தினமும் நாளைக்குச் சொல்கிறோம் என்றோம். கடைசியில் சித்தப்பாவின் இதயம்தான் யாரையும் கேட்காமல் முடிவெடுத்தது. அதற்குள் அவர் உடம்பில் ஊசி போட இடம் பாக்கி இல்லை. நைனா அதைத் தினமும் கண்ணாடி வழியாகப் பார்த்தார். தனக்கும் அப்படி ஆகிவிடும், தன்னையும் யாரும் விட மாட்டார்கள் என்பதுதான் அவர் பயம். அதை அவர் என்னிடம் சொன்னதில்லை. நான் ஊருக்கு வரும்போதெல்லாம் பார்க்கிறேன், டிவியில் ஆஸ்பத்திரி சீன் வந்தால் எழுந்து போய்விடுவார், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை இட்லிச் சந்தில் அம்மாவிடம் விஷயத்தைப் போட்டேன்.

"உசுரோட கீற மனுசனுக்குக் கருமாதிப் பத்திரிகை அடிக்கிறியா?" என்றாள் அம்மா. "ஒன்ன படிக்க வெச்சது இதுக்குத்தானா?"

"இல்லம்மா, இது இன்ஷூரன்ஸ் மாதிரி."

"இன்ஷூரன்ஸ்னா காசு வரும். இதுல இன்னா வரும்?"

அதற்குள் இட்லி வெந்துவிட்டது. பேச்சு முடிந்தது. ஆனால் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது சம்மதம்.

லேப்டாப்பில் ஒரு மாதிரிப் படிவத்தை இறக்கி, மளமளவென்று நிரப்பினேன். நைனா பெயர், வயது, விலாசம். அவருக்காகப் பேசப்போகும் ஆள் என்ற இடத்தில் என் பெயர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரே பெண். படித்தவள். ஆஸ்பத்திரி பாஷை தெரிந்தவள். டாக்டர் என்ன சொன்னாலும் திருப்பிக் கேள்வி கேட்கிற வாய் உள்ளவள். இந்தப் போஸ்டுக்கு என்னைவிட்டால் ஆளே கிடையாது.

நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"இங்க ஒம்பேரு எதுக்கு?"

"பின்ன யார் பேரு?"

"மாமன் பேரு போடு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நைனா, அவருக்கு ஆதார்ல போட்டோ மாத்தவே நான்தான் போவணும். ஐ.சி.யூ.ல டாக்டர் சொல்றது அவருக்கு இன்னா புரியும்?"

"புரிய வெச்சா புரியும். நீ போய் புரிய வை. முடிவு அவன் சொல்லட்டும்."

"நாளெல்லாம் திட்டறியே அவர."

"திட்டறது வேற."

எனக்கு நிஜமாகவே சுருக்கென்று இருந்தது. பரீட்சையில் நான் எழுதிய பேப்பருக்குப் பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு மார்க் போட்ட மாதிரி. ஏன் என்று விடாமல் கேட்டேன். நைனா கண்ணாடியைக் கழற்றினார்.

"போன வருசம் ஒங்கிட்ட டோக்கன் குடுத்துட்டு வூட்டுக்கு வந்தேன், ஞாபகம் கீதா?"

இருந்தது. லீவுக்கு வந்திருந்தேன். கொஞ்ச நேரம்தான்.

"ஒருத்தன் பொண்டாட்டி புள்ளத்தாச்சின்னான், முன்னாடி வுட்ட. இன்னொருத்தன் பழம் கெட்டுப் போவுதுன்னான், வுட்ட. அவங்கள வுட்டதப் பாத்து மூணாவது ஒருத்தன் சும்மா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு வந்தான். அவனயும் வுட்ட."

"பாவமா இருந்துச்சி."

"அதான் சொல்றேன். தப்பில்ல. ஆனா ஐ.சி.யூ. வாசல்ல ஒங்கம்மா அழுவா. ஒங்க சித்தி அழுவா. நீயே அழுவ. இன்னும் ஒரு நாளு பாக்கலாம், இன்னும் ஒரு நாளுன்னு ஒவ்வொருத்தரயா முன்னாடி வுட்டுக்கினே போவ. நான் உள்ள வரிசையிலயே நின்னுகினு இருப்பேன். ஒன் மாமன் வுட மாட்டான். டோக்கன் குடுத்தா குடுத்த மாதிரியே வெச்சிகினு இருப்பான். யார் அழுதாலும் நகர மாட்டான்."

படிவத்தில் என் பெயரை அழித்துவிட்டு மாமா பெயரை அடித்தேன்.

மாமாவிடம் சொன்னது நான்தான். ஒரு பாராட்டு விழா மாதிரி நினைத்துத்தான் சொன்னேன். மாமாவின் முகம் செத்துவிட்டது.

"காது குத்தறப்ப ஒன்ன மடியில வெச்சிகினவன் நான்," என்றார். "சீர் வெக்கறது, மால போடறது, அதுக்குத்தான் தாய்மாமன். அக்கா புருசன அனுப்பி வெச்சவன்னு நாளைக்கு ஊரு பேசும். எங்கக்கா மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்? ஒங்க நைனாகிட்ட சொல்லு, வேற ஆளப் பாக்கச் சொல்லு."

சொன்னேன். நைனா, "சரி," என்றார்.

அன்றிலிருந்து மாமாவைத் திட்டுவதை நிறுத்திவிட்டார்.

கோபமெல்லாம் இல்லை. போன் செய்தால் எடுத்தார், வீட்டுக்கு வந்தால் உட்காரச் சொன்னார், டீ போடச் சொன்னார். மரியாதையாகப் பேசினார். அதைத்தான் மாமாவால் தாங்க முடியவில்லை. சீசன் முடிந்து ஃபேக்டரி வாசல் காலியானது; திட்டு மட்டும் திரும்பி வரவில்லை. ஒரு நாள் மத்தியானம் திருப்பதியில் நான் ஷிஃப்டில் இருக்கும்போது மாமா கூப்பிட்டார்.

"ஒங்க நைனாவுக்கு ஒடம்புக்கு ஒண்ணியும் இல்லியே?"

"நல்லாதானே கீறாரு."

"வேன எட்துனு போய் டிராக்டருக்குக் குறுக்க வுட்டேன். வெளிய எடுக்க முடியாது. மனுசன் வந்து பாத்தாரு. 'பரவால்ல, மெதுவா எட்து வை'ன்றாரு. 'பரவால்ல'வாம்."

"ஏன், வேணும்னே வுட்டியா?"

"பின்ன? பழைய டிரில்லிங் மிஷின ரிப்பேர் பண்ணித் தர்றேன்னு எட்துனு போனேன். இன்னும் மோசமாக்கித் திருப்பிக் குடுத்தேன். தேங்ஸ்னு சொல்றாரு."

நான் மியூட் போட்டுவிட்டுச் சிரித்தேன். டீம் லீடர் திரும்பிப் பார்த்தார்.

"சரி," என்றார் மாமா. "எங்க வந்து கையெழுத்து போடணும்?"

சித்தூர் கோர்ட் பக்கத்தில் ஒரு நோட்டரி வக்கீல். ஒரு திங்கட்கிழமை லீவு போட்டேன். செவ்வாய் ஆகாது என்று அம்மா சொல்லிவிட்டாள். பத்திரத்தில் நாலு மூலையும் மஞ்சள் தடவ வேண்டும் என்றும் சொன்னாள், எங்கள் வீட்டிலிருந்து எந்தக் காகிதமும் மஞ்சள் இல்லாமல் போனதில்லையாம். கல்யாணப் பத்திரிகையா இது என்று நைனா கேட்டார். அப்போ கருமாதிப் பத்திரிகையா என்று அம்மா கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு மூலையில் மட்டும் என்று முடிவானது. சாட்சிக்கு ஃபேக்டரி வரிசையில் நைனாவுக்கு முன்னும் பின்னும் நிற்கிற இரண்டு டிராக்டர்காரர்கள் வந்தார்கள். சொந்தக்காரர்கள் யாரும் சாட்சிக்குக் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் அன்றைக்கு முதுகு வலி.

வக்கீல் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீலுநாமானாம்மா?" என்றார். தெலுங்கில் உயில்.

"ஆஸ்தி உயில் இல்ல சார். உடம்புக்கு."

அவர் டைப்பிஸ்ட்டிடம் தள்ளினார். டைப்பிஸ்ட் நாள் முழுக்க நிலப் பத்திரம் அடிக்கிறவர். நைனா பெயரை அடித்தார், நைனாவுடைய அப்பா பெயரை அடித்தார், ஊரை அடித்தார், பிறகு நிமிர்ந்து பார்க்காமலே, "சர்வே நம்பர்?" என்றார்.

நைனா தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "கிழக்கால ஒரு தொப்பை. மேற்கால ஒரு முதுகு. எழுதிக்க." சாட்சி இரண்டு பேரும் பெஞ்சு ஆடச் சிரித்தார்கள்.

சிரிக்காதவர் மாமா ஒருவர்தான். அவர் காகிதத்தை என்னிடம் கொடுத்து, வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். நான் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். மீள முடியாத நிலை, உயிர்காக்கும் கருவிகள், இத்யாதி.

"நிறுத்து," என்றார். "மீள முடியாத நிலைன்னா எது?"

நான் விளக்கினேன். மூளைத் தண்டு, சுயநினைவு, எனக்குத் தெரிந்த எல்லாம்.

"அத டாக்டரு சொல்லட்டும். நான் இவர கேக்கறேன்." மாமா நாற்காலியை நைனா பக்கம் இழுத்துப் போட்டார். படிவம் பல வாரமாக என் லேப்டாப்பில் கிடந்தும் இந்தக் கேள்வி அதில் எங்கும் இல்லை. "நடக்க முடியலன்னா?"

"நாற்காலி வாங்கு. வுட்டுடாத."

"கையால துன்ன முடியலன்னா?"

"ஒங்கக்கா ஊட்டுவா. அவளுக்கு அதுல ஒரு சந்தோசம் கீது."

"படுத்த எடத்துலயே போனா?"

"நர்சு போடு. டிராக்டர வித்துப் போடு. வுட்டுடாத."

"மூக்குல டியூபு?"

"கொஞ்ச நாளுன்னா போடு. எழுந்து வருவேன்னா போடு."

"அப்ப எப்ப மாமா? நான் எத பாத்து தெரிஞ்சிக்கறது?"

வக்கீல் பேனாவை மூடினார். டைப்பிஸ்ட்டும் விரலை எடுத்துவிட்டார். நைனா மாமாவை ஒரு மாதிரி பார்த்தார், பார்த்து நாளாகிவிட்ட பார்வை.

"நீ எதிர்ல வந்து நிப்ப. ஒம்மூஞ்ச பாத்ததும் எனக்கு ஒரு திட்டு வரணும். வாய்ல வரலன்னாலும் கண்ல வரணும். வந்தா, நான் கீறேன்னு அர்த்தம். எத்தினி மிஷினு வேணும்னாலும் போட்டுக்க. நீ நிக்கற, நான் பாக்கறேன், ஒண்ணியும் வரல, டாக்டரும் இனி வராதுன்றான்... அப்ப டோக்கன குடுத்துடு. வரிசைய வுட்டு என்ன வெளிய இட்டுனு வந்துடு."

மாமா தலையை ஆட்டினார். மூக்கை உறிஞ்சினார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து, "இத எழுதிக்கினீங்களா?" என்றார் அதட்டலாக.

இதை எப்படி எழுதுவது என்று வக்கீலும் நானும் கொஞ்ச நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். திட்டு என்பதற்குச் சட்டத்தில் வார்த்தை இல்லை. கடைசியில் "நெருங்கிய உறவினரை அடையாளம் கண்டு, தன் வழக்கமான முறையில் எதிர்வினை காட்ட இயலாத நிலை, அது மாறாதென மருத்துவர்கள் உறுதி செய்த பின்" என்று ஆங்கிலத்தில் போட்டோம். தன் வழக்கமான முறையில் என்ற சொல் என்னுடைய ஐடியா. இன்றும் எனக்கு அதில் பெருமை உண்டு. மாமாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அடுத்து பேசும் ஆளாக என் பெயரும் சேர்ந்தது. மாற்று டிரைவர் மாதிரி. ஓகே, எடுத்துக்கொண்டேன்.

மாமா கையெழுத்தை மஞ்சள் மூலைக்கு மேலேயே போட்டுவிட்டார். மை பரவிவிட்டது.

"எரும," என்றார் நைனா. "அவ்ளோ பெரிய காயிதத்துல ஒனக்கு அந்த எடம்தான் கெடச்சிதா? கண்ணு இன்னா பொடரிலயா கீது? பேனா புடிக்கத் தெரியாதவனப் போயி எங்க மாமனாரு பெத்து வெச்சாரு பாரு."

மாமா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பல வாரத்துப் பாக்கி அது.

அன்றைக்குக் கோர்ட் எதிரில் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டோம். ஆஸ்பத்திரி, மெஷின், சாவு எல்லாவற்றையும் தட்டு முன்னாலேயே பேசினோம். அம்மா அங்கே இல்லை.

ஒரு நகல் எங்கள் குடும்ப டாக்டரிடம் இருக்கிறது. ஒன்று முனிசிபல் ஆபீசில் கொடுத்தோம்; அங்கே இருந்தவர் இதை எந்த ஃபைலில் வைப்பது என்று தெரியாமல் வாங்கி வைத்தார். ஒன்று என் போனில். ஒன்று மாமாவின் வேனில், ஆர்.சி. புக்கோடு.

இப்போது மாமா தினமும் காலையில் நைனாவைக் கூப்பிடுகிறார். நலமா என்று கேட்பதில்லை. டிராக்டர் ரேடியேட்டருக்கு மோர் ஊத்தலாமா, டீசலுக்கு பதிலா பெட்ரோல் ஊத்தினா வேகமா போவுமா என்று ஏதாவது கேட்பார். நைனா வாய் நிறையத் திட்டுவார். மாமா கேட்டுக்கொண்டு வைத்துவிடுவார்.

போன வாரம் அவரிடமிருந்து எனக்கு ஒரு போன். "இன்னிக்கி திட்டு கம்மியா கீதும்மா. ரெண்டே வார்த்த. கொஞ்சம் பாரேன்."

பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போட்டேன். அம்மா எடுத்தாள். நைனாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறதாம், வெந்நீர் குடிக்கிறாராம். மாமாவையும் லைனில் சேர்த்தேன். "மாமா, சும்மா தொண்ட கட்டிக்கினு கீது," என்றேன்.

பின்னால் நைனா போனைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. கரகரத்த குரலில், மூச்சு வாங்க வாங்க, மாமாவையும் அவர் வேனையும் அந்த டிரில்லிங் மெஷினையும் சேர்த்து ஒரு வாங்கு வாங்கினார். நடுவில் இருமினார். இருமிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மாமா கடைசி வரை குறுக்கே பேசவே இல்லை. முடிந்ததும், "சரி மாமா, வண்டில ஆளு ஏறிட்டாங்க," என்று வைத்தார்.